கீபோர்டில் எழுத்து அழிவதற்குக் காரணம் ஏபிஎஸ் பிளாஸ்டிக் அல்ல

கீபோர்டு விசைகளின் மேல்மூடியான கீகேப், ஏபிஎஸ் பிளாஸ்டிக்கில் இருந்தால் எழுத்து அழியும், பிபிடி பிளாஸ்டிக்கில் இருந்தால் அழியாது என்று சிலர் சொல்கிறார்கள். எழுத்து நிற்பதும் அழிவதும் பிளாஸ்டிக்கைவிட, எழுத்தை எப்படிப் பதித்தார்கள் என்பதைப் பொறுத்தது. டபுள்-ஷாட் முறையில் எழுத்தே வேறு நிற பிளாஸ்டிக்கால் வார்க்கப்படுகிறது; அழிய அங்கே மை ஏது? ஜிஎம்கே என்ற கீகேப் நிறுவனத்தின் பிரபலமான செட்கள் டபுள்-ஷாட் ஏபிஎஸ்தான், எழுத்து அப்படியே இருக்கும். மேலே மை அச்சடித்த பிபிடி என்றால் அந்த மை தேயத்தான் செய்யும்.

பிபிடி-க்கு நல்ல பெயர் வந்ததில் டை-சப்ளிமேஷனுக்குப் பெரிய பங்கு உண்டு. சாயத்தைச் சூட்டில் பிளாஸ்டிக்குக்குள் இறக்கும் முறை அது. அந்தச் சூட்டைப் பிபிடி தாங்கும், ஏபிஎஸ் வளைந்துவிடும். ஏபிஎஸ் சீக்கிரம் பளபளப்பாகும் என்பது உண்மைதான், ஆனால் அது மேற்பரப்பு தேய்வது, எழுத்து அழிவதல்ல.

சந்தேகமிருந்தால் ஒரு கீகேப்பைக் கழற்றிக் கவிழ்த்துப் பாருங்கள். உள்ளே இரண்டாவது நிற பிளாஸ்டிக் தெரிந்தால் டபுள்-ஷாட். இல்லையென்றால் எழுத்தின் மேல் நகத்தை ஓட்டுங்கள்: விளிம்பு தட்டுப்பட்டால் பெரும்பாலும் மேலே அடித்த மை.