லேபிள் யாருதுங்க?

'அகாடமிக் ரைட்டர் தேவை, வீட்டிலிருந்தே வேலை'னு வர்ற விளம்பரத்தைப் பாத்துட்டு, எம்.ஏ., எம்.எஸ்ஸி. முடிச்ச நம்ம கோயமுத்தூர், ஈரோட்டுப் பசங்க கன்டென்ட் ரைட்டிங்னு நெனச்சுப் போயிச் சேர்றாங்க. அங்க வேலையே வேறங்க. லண்டன்லயோ மெல்போர்ன்லயோ படிக்கற யாரோ ஒருத்தரோட அசைன்மென்ட்டை மொத்தமா எழுதிக் குடுக்கணும். பேரு அவருது, மார்க்கும் அவருக்கு.

'திருப்பூர்ல ஊரான் லேபிளைப் போட்டுத்தானே பனியன் தெக்கிறோம், இதுல என்ன தப்பு'ம்பாங்க. பனியனை வாங்குனவன் அதைக் காட்டி 'நானே தெச்சேன்'னு டெய்லர் சர்டிபிகேட் வாங்கறதில்லீங்களே.

நர்சிங் படிப்புல ரிஃப்ளெக்டிவ் எஸ்ஸேனு ஒண்ணு இருக்குது. கிப்ஸ்ங்கற கல்வியாளர் 1988ல சொன்ன ஆறு படியில எழுதச் சொல்றது வழக்கம்: என்ன நடந்துச்சு, அப்ப என்ன தோணுச்சு, எது சரி எது தப்பு, ஏன் அப்படி ஆச்சு, வேற என்ன செஞ்சிருக்கலாம், அடுத்த தடவை என்ன செய்வேன். மருந்து அளவுல தடுமாறுன பொண்ணு தன்னைத் தானே திரும்பிப் பாக்கட்டும்னு வெச்ச பாடம். அதை, வார்டு வாசப்படியே மிதிக்காத ஒருத்தர் கோபியில உக்காந்து எழுதறாரு. 'எனக்குக் கை நடுங்கியது'னு ஒரு வரி வேற! நடுங்காத கை நாளைக்கு நிஜ ஊசியோட நிக்கும்.

நம்மூர் தீசிஸ் சென்டர்காரங்களுக்கு வேற ஒரு மந்திரம்: 'சிமிலாரிட்டி (வேற எழுத்தோட ஒத்துப்போறது) 4 சதவீதம்தான்'. பல்கலைக்கழக மானியக் குழு, அதாவது யுஜிசியோட 2018 விதிப்படி 10 சதவீதம் வரைக்கும் தண்டனை இல்லை. 40 வரை போனா ஆறு மாசத்துக்குள்ள திருத்திக் குடுக்கணும், 60 வரை போனா ஒரு வருசம் சமர்ப்பிக்கத் தடை, அதைத் தாண்டினா பதிவே ரத்து. ஆனா சாஃப்ட்வேர் பாக்கறது ஏற்கெனவே எங்கியாவது இருக்கற எழுத்தோட ஒத்துப்போகுதான்னு மட்டுந்தான். எழுதுனது யாருன்னு அதுக்குத் தெரியாது. அதே விதியில, அடுத்தவர் வேலையைத் தன்னுதுன்னு காட்டறதுதான் பிளேஜியரிசம், அதாவது எழுத்துத் திருட்டுன்னு எழுதியிருக்குது. அப்ப காசு குடுத்து வாங்குன தீசிஸ் எத்தனை சதவீதம்? மாட்டறது வைவாங்கற வாய்மொழித் தேர்வுல. 'சாம்பிள் ஏன் 120?'னு கேட்டா ஸ்காலர் தண்ணி குடிப்பாரு. வேர்டு ஃபைல் பிராப்பர்ட்டீஸ்ல ஆத்தர்னு யாரோட பேரோ இருக்கும், எடிட்டிங் டைம் 9 நிமிசம்னு நிக்கும்.

கூலிக் கணக்கு இன்னும் மோசங்க. இந்தத் தொழில்ல ஒரு பக்கம்னா 275 வார்த்தை. பக்கத்துக்கு 150 ரூபாய்னு வெச்சுக்கங்க. 10 பக்கத்துக்கு 1,500. படிக்க, எழுத, ரெஃபரன்ஸ் சரிபாக்கனு 12 மணி நேரம். மணிக்கு 125. அப்புறம் இலவச ரிவிஷன் ரெண்டு வந்தா அதுவும் உங்க தலையில. கூலித் தறியில டேமேஜ் பிடிக்கற மாதிரி லேட்டுக்கும் பிடிப்பாங்க. மார்ச் கடைசி ஞாயித்துக்கிழமை பிரிட்டன் கடிகாரம் மாறும். அதுவரைக்கும் நம்ம நேரத்துக்குச் சாயங்காலம் 5:30னு இருந்த அவங்க மத்தியானம் 12 மணிக் கெடு 4:30க்கு வந்துரும். இது தெரியாம கூலியைத் தொலைக்கறவங்க உண்டு. ஏஐ எழுதிக் குடுத்த இல்லாத ரெஃபரன்ஸைச் சேத்துட்டா மொத்தமும் போச்சு. ஒவ்வொரு ஆய்வுக் கட்டுரைக்கும் குடுக்கற டிஓஐங்கற அடையாள எண்ணை ஒவ்வொண்ணா அடிச்சுப் பாக்காம அனுப்பக் கூடாது.

சட்டமும் சும்மா இல்லை. ஆஸ்திரேலியாவுல 2020ல வந்த சட்டத்துல ரெண்டு வருசம் வரைக்கும் ஜெயில், இங்கிலாந்துல 2022ல இருந்து குற்றம். ரெண்டும் குறி வெக்கறது மாணவரை இல்லீங்க, எழுதி விக்கறவங்களை. கோபிக்கு போலீஸ் வரும்னு சொல்லலை. ஆனா இந்த வேலையில மூணு வருசம் போச்சுன்னா, அதை ரெஸ்யூமில என்னன்னு போடுவீங்க? எழுதுன ஒரு பக்கத்தைக்கூட 'இது என்னுது'னு காட்ட முடியாது.

சேரும்போதே ஆதாரையும் டிகிரி சர்டிபிகேட்டையும் கேட்டா குடுக்காதீங்க. டெபாசிட் கேட்டா, இல்லை 'ஒப்பந்தம் மீறிட்டீங்க, பணம் கட்டுங்க, இல்லாட்டி கேஸ்'னு மிரட்டுனா, கட்டாதீங்க. கட்டிட்டீங்கன்னா உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930க்குக் கூப்புடுங்க.

இங்கிலீஷ் நல்லா வர்றவங்களுக்கு மொழி திருத்தற வேலை இருக்குது, டியூஷன் இருக்குது, ரெஃபரன்ஸ் ஒழுங்கு பண்ற வேலை இருக்குது. திருத்தறதா இருந்தா, மாத்துனதையெல்லாம் வேர்டுல தனியாக் காட்டற டிராக் சேஞ்சஸ் போட்டு, ஒவ்வொரு திருத்தமும் கைடு கண்ணுக்குத் தெரியற மாதிரியே ஃபைலைத் திருப்பிக் குடுங்க. 'அதெல்லாம் வேண்டாங்க, கிளீன் காப்பி மட்டும் போதும், கைடுக்குத் தெரிய வேண்டாம்'னு எதிர்ப்பக்கம் இழுத்தா, அட்வான்ஸ் வாங்கறதுக்கு முன்னாடியே ஏன்னு கேட்டுருங்க.