எண்ணாமலே சுட்ட கரடிகள்

ஆண்டுதோறும் செப்டம்பர் முடிந்து அக்டோபர் பிறக்கும் சமயத்தில் எங்கள் வீட்டில் ஒரு பைத்தியக்காரத்தனம் நடக்கும். அலாஸ்காவின் கட்மாய் தேசியப் பூங்காவில் எந்தக் கரடி அதிகம் கொழுத்திருக்கிறது என்று இணையத்தில் வாக்கெடுப்பு வைப்பார்கள். நானும் மகளும் மறக்காமல் ஓட்டுப் போட்டுவிடுவோம். அங்கே புரூக்ஸ் அருவியின் விளிம்பில் ஒரு பழுப்புக் கரடி வாயைத் திறந்தபடி அசையாமல் நிற்கும். கீழேயிருந்து எம்பும் சால்மன் மீன் நேராக அதன் வாயில் போய் விழும். அதை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

அதே தென்மேற்கு அலாஸ்காவில், 2023 வசந்தத்தில், மாநில அரசின் ஊழியர்களே ஹெலிகாப்டரில் ஏறிப்போய் 94 பழுப்புக் கரடிகள், 5 கருங்கரடிகள், 5 ஓநாய்களைச் சுட்டுத் தள்ளினார்கள். குட்டிகளையும் விடவில்லை. அடுத்த ஆண்டும் போனார்கள். முல்சாட்னா என்று பெயர்பெற்ற காரிபூ (பனிப்பிரதேச மான்) மந்தை தேய்ந்துவிட்டதாம், கன்று ஈனும் இடத்தில் கரடி இல்லாமல் செய்தால் மந்தை தேறிவிடுமாம்.

மந்தை தேய்ந்தது உண்மை. 1990களில் சுமார் 2 லட்சம் இருந்தது, 2019இல் 13,000 அளவுக்கு வந்துவிட்டது. 2021 முதல் வேட்டைக்கும் தடை. காரிபூ இறைச்சியை நம்பிக் குளிர்காலத்தைத் தள்ளும் யூபிக் பழங்குடிக் கிராமத்தாரின் கஷ்டத்தை நான் லேசாகச் சொல்ல மாட்டேன். கடையில் வாங்கிச் சாப்பிடு என்று அங்கே உள்ளவர்களிடம் சொல்லிவிட முடியாது. ஆனால் இந்தச் சரிவுக்குக் கரடி மட்டும்தானா காரணம்? மந்தையில் புருசெல்லோசிஸ் நோய் இருக்கிறது. அது கருவைக் கலைக்கும் நோய். மேய்ச்சல் நிலமும் புதர் மண்டி மாறிக்கொண்டிருக்கிறது. நோயைத் துப்பாக்கியால் சுட முடியாது, புதர் மண்டுவதையும் சுட முடியாது. கரடியைச் சுடலாம், அவ்வளவுதான் வித்தியாசம். கன்றுகள் முன்பைவிட அதிகம் பிழைக்கின்றன என்று அரசு சொல்கிறது. பிழைக்கட்டும். அதற்காகக் கொடுத்த விலையைக் கணக்கில் எழுத வேண்டாமா?

என்னைக் கொதிக்க வைப்பது இந்தக் கணக்குதான். காரிபூ 30,000 முதல் 80,000 வரை இருக்க வேண்டும் என்று இலக்கு வைத்திருக்கிறார்கள். அந்த வட்டாரத்தில் கரடி எத்தனை என்ற கணக்கு? 2025 மார்ச்சில் நீதிமன்றம் தவறென்று சொன்னதும் இதைத்தான்: இத்தனையைச் சுட்டால் கரடி இனம் தாங்குமா என்று பார்க்காமலேயே திட்டத்துக்கு அனுமதி கொடுத்திருக்கிறார்கள், மக்களுக்கும் முறையாக அறிவிக்கவில்லை. பெண் கரடி முதல் குட்டி போடவே ஐந்தாறு வயதாகும். போட்ட குட்டியை இரண்டு மூன்று ஆண்டு கூடவே வைத்து வளர்க்கும். வீட்டுக் கோழியை அடிப்பதென்றால்கூடக் கூண்டில் மிச்சம் எத்தனை என்று பார்த்துவிட்டுத்தான் அடிப்போம்.

இந்தப் புத்தி நமக்கும் புதிதில்லை. நீலகிரியில் 1877இல் வெள்ளைக்கார வேட்டைக்காரர்கள் ஒரு சங்கம் தொடங்கினார்கள். கடமானைத் தங்கள் துப்பாக்கிக்கென்று காப்பாற்ற நினைத்தவர்களுக்குச் செந்நாய் போட்டியாளன். ஆகவே செந்நாயைக் கொன்றால் பரிசுப் பணம். 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வரும்வரை நம் நாட்டில் செந்நாயைக் கொல்லக் காசு கொடுத்திருக்கிறார்கள். கடமானும் செந்நாயும் அந்தச் சங்கம் பிறப்பதற்கு எத்தனையோ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பிருந்தே அங்கேதான் இருந்தன.

சில ஆண்டுகளுக்கு முன் முதுமலையில் ஒரு செந்நாய்க் கூட்டத்தைப் பார்த்தேன். புள்ளிமான் ஒன்றை அடித்திருந்தன. காதில் விழுந்தது குரைப்பு அல்ல, சீட்டி. யாரோ பையன் மரத்தின் பின்னால் நின்று விசிலடிப்பது போல இருந்தது. வண்டியில் இருந்தவர்கள் "புலி இல்லையா?" என்று முகம் வாடினார்கள். எனக்கு அன்றைக்கு அதுவே போதுமாக இருந்தது.

சரி, கரடிகளை ஒழுங்காக எண்ணிவிட்டுச் சுட்டால் ஒப்புக்கொள்வாயா என்று கேட்பீர்கள். மாட்டேன். வேட்டைக்கு மான் பெருக வேண்டும் என்று காட்டை மாட்டுப்பண்ணை போல நடத்துவதே எனக்கு ஒவ்வாது. ஆனால் எண்ணாமல் சுடுகிறவர்களோடு அந்த வாதத்தை எங்கிருந்து தொடங்குவது? மார்ச்சில் தீர்ப்பு வந்தது. உடனே அவசர விதி ஒன்றைக் கொண்டுவந்தார்கள். அதுவும் செல்லாது என்று இன்னொரு நீதிபதி சொல்லியும், மே மாதத்தில் மேலும் 11 கரடிகளைச் சுட்டார்கள். ஜூலையில் மாநில வேட்டை வாரியம் கூடி, அதே திட்டத்துக்கு மறுபடியும் ஒப்புதல் கொடுத்துவிட்டது.