பாரி வளைவில் ஒரு கணக்கு

போன ஞாயிறு எங்கள் மோட்டார் சைக்கிள் குழுவோடு ஏலகிரி போய் வந்தேன். மலையிலுள்ள ஓர் உண்டு உறைவிடப் பள்ளிக்குக் குடிநீர் சுத்திகரிப்பு இயந்திரம் வாங்க நிதி திரட்டும் பயணம். 42 வண்டிகள், ஆளுக்கு 1,500 ரூபாய்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். விடியற்காலை ஐந்து மணிக்குப் பூந்தமல்லியில் அத்தனை புல்லட்டுகளும் ஒன்றாக உறுமியபோது, 48 வயதில் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. சாலையில் ஒழுங்கு பிசகவில்லை. யாரும் யாரையும் முந்தவில்லை. கடைசியில் வருபவரை எங்கள் குழுவில் 'ஸ்வீப்' என்போம். பின்தங்கியவர்களைக் கூட்டி வருவதுதான் அவர் வேலை, பெயர் பொருத்தம்தான். வாலாஜாபேட்டை தாண்டி ஒருவருக்கு டயர் பஞ்சரானபோது, ஸ்வீப் அண்ணன் அரை மணி நேரம் அவருடனேயே நின்றார். இந்தக் குணத்துக்காகவே இந்தக் குழுவை விட்டு விலக எனக்கு மனம் வராது.

இனி என் மனத்தாங்கல். பத்து மணிக்கு வருவதாகப் பள்ளிக்குச் சொல்லியிருந்தோம். ஆம்பூரில் பிரியாணி அடுப்பை விட்டு இறங்கும்வரை காத்திருந்து, சீரகச் சம்பாவும் கத்தரிக்காயுமாக ஒரு பிடி பிடித்துவிட்டு, பள்ளி வாசலை மிதித்தபோது மணி பன்னிரண்டே கால். பிள்ளைகள் பத்து மணியிலிருந்து வெயிலில் வரிசையாக நின்றிருக்கிறார்கள். வந்ததும் மன்னிப்புக் கேட்டோமா? இல்லை. வண்டிகளுக்கு நடுவே அவர்களை நிறுத்திப் படம் எடுத்தோம். ட்ரோன் சரியாகப் பதிவு செய்யவில்லை என்று இரண்டாவது முறையும் கையசைக்கச் சொன்னோம். கூச்சத்தில் என் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தேன். நானும் அந்தப் படத்தில் இருக்கிறேன்.

ஏலகிரிக்கு ஏறும் 14 கொண்டை ஊசி வளைவுகளுக்குப் புலவர்களின் பெயர்களும் கடையெழு வள்ளல்களின் பெயர்களும் வைத்திருக்கிறார்கள். அதிகமான் வளைவு, பேகன் வளைவு என்று பலகை பார்த்தபடியே ஏறலாம். இறங்கும்போது பாரி வளைவில் ஓரமாக வண்டியை நிறுத்தி, பொருளாளரிடம் கணக்குக் கேட்டேன். இடம் பார்த்துத்தான் கேட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வசூல் 63,000. டி-ஷர்ட் 14,700. சாப்பாடு 16,800. பதாகை, பதக்கம், உடன் வந்த வேன், ட்ரோன்காரர் எல்லாம் சேர்த்து 13,500. பள்ளிக்குக் கிடைத்தது 18,000. அந்த விலைக்கு நாங்கள் சொன்ன இயந்திரம் வராது; மீதியைத் தலைமையாசிரியர்தான் எங்காவது புரட்டியாக வேண்டும். பாரி தேரைக் கொடுத்துவிட்டு நடந்தல்லவா வீடு போனான்? நாங்கள் முல்லைக்கு ஒரு சக்கரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, மீதித் தேருக்குப் பதக்கம் குத்திக்கொண்டு திரும்பினோம்.

"பெட்ரோல் காசை அப்படியே அனுப்பிவிட்டு வீட்டில் தூங்கியிருக்கலாமே" என்றாள் மனைவி. போக வர 460 கிலோமீட்டருக்கு மேல். எனக்கு மட்டும் பெட்ரோல் 1,400 ரூபாய் ஆனது. அவள் கணக்கு சரிதான், ஆனாலும் ஒப்புக்கொள்ள மாட்டேன். பயணம் இல்லாவிட்டால் எங்களில் முக்கால்வாசிப் பேர் அந்தப் பள்ளி இருக்கும் திசையைக்கூடத் திரும்பிப் பார்த்திருக்க மாட்டோம், நான் உட்பட. ஊர் சுற்றுவதில் தவறே இல்லை. சுற்றுகிற செலவை நம் சட்டைப்பையிலிருந்து தனியாகக் கொடுப்போம் என்கிறேன். நன்கொடை என்று வாங்கிய பணத்தில் பிரியாணி தின்னக் கூடாது.

இதைக் குழுவில் எழுதினேன். கணக்கைப் பொதுவில் வையுங்கள், பிள்ளைகளைப் படம் எடுக்காதீர்கள் என்றும் சேர்த்தேன். நான்கு பேர் கட்டைவிரல் காட்டினார்கள். ஒருவர், "அண்ணே, நல்ல காரியத்தில் நொட்டை சொல்லாதீர்கள்" என்றார். பொருளாளர் இன்னும் பதில் போடவில்லை. பள்ளியின் வங்கிக் கணக்குக்கு இன்னொரு 1,500 அனுப்பிவிட்டேன். டி-ஷர்ட்டால் வண்டி துடைக்கிறேன். துணி நல்ல துணிதான்.