எப்படி வேலை செய்யுதுன்னு தெரியாமலே

அம்மாபேட்டையில எங்க மெடிக்கலுக்கு மாசாமாசம் டாக்டர் சீட்டோட லித்தியம், அதாவது மனநிலை அளவுக்கு மீறி ஏறி இறங்கற நோய்க்கான மாத்திரை, வாங்க வர்ற தறிக்காரர் ஒருத்தர். போன வாரம் அவர் பொண்ணு வந்துச்சு, காலேஜ் படிக்கிற புள்ள. "அண்ணா, இது மூளைக்குள்ள என்ன பண்ணுதுன்னே முழுசா தெரியலையாம். அப்புறம் எப்படி அனுமதி குடுத்தாங்க?"

நியாயமான கேள்வி. கடையில கூட்டம், அப்ப விளக்கமா பதில் சொல்ல முடியல. அதான் இங்க.

1949ல ஆஸ்திரேலியா டாக்டர் ஜான் கேட் இதைக் குடுத்துப் பாத்து எழுதினார். அமெரிக்கா அனுமதிக்க 1970 ஆச்சு. வேலை செய்யற விதம் இன்னமும் முழுசா பிடிபடல. ஆனா ரத்தத்துல எவ்வளவு இருக்கணும்னு தெரியும்: பொதுவா லிட்டருக்கு 0.6லிருந்து 1.2 மில்லிமோல். 1.5 தாண்டினா விஷம் மாதிரி. உடம்புல தண்ணியும் உப்பும் குறைஞ்சா ஏறும். இடுப்பு வலின்னு ஐபுபுரூஃபன் போட்டாலும் ஏறும். மே மாசம் தகரக் கூரைக்கு அடியில தறி ஓட்டி வேர்த்து ஊத்தற மனுஷனுக்கு இதுல எது முக்கியம், நீங்களே சொல்லுங்க.

அனுமதிக்கறவங்க கேக்கறது வேற. யாருக்குக் குடுத்தீங்க, குடுக்காதவங்களோட வெச்சுப் பாத்தா என்ன ஆச்சு, கெடுதல் என்ன? விளக்கம் இருந்தா நல்லது, அவ்வளவுதான். ஆஸ்பிரின் கடைக்கு வந்தது 1899. அது எப்படி வலியைக் குறைக்குதுன்னு இங்கிலாந்து விஞ்ஞானி ஜான் வேன் கண்டுபிடிச்சது 1971.

விளக்கம் பக்காவா இருந்து கவுந்ததும் உண்டு. டார்செட்ராபிப்னு ஒரு மாத்திரை, நல்ல கொலஸ்ட்ராலை ஏத்தும், எப்படின்னும் தெரியும். சுமார் 15,000 பேரை வெச்சு சோதிச்சாங்க. 2006 டிசம்பர்ல பாத்தா மாத்திரை சாப்பிட்ட பக்கம் 82 சாவு, சாப்பிடாத பக்கம் 51. அன்னைக்கே நிறுத்திட்டாங்க.

நம்ம ஏற்காட்டு ரோட்டுல வேர் விக்கிறவர்கிட்ட எல்லாத்துக்கும் விளக்கம் இருக்கு, வாதம் பித்தம்னு மூச்சு விடாம சொல்வாரு. எத்தனை பேருக்குக் குடுத்து எத்தனை பேருக்குக் கேட்டுச்சுன்னா சிரிப்பாரு.

எங்களையும் சொல்லிக்கணும். மருந்து விற்பனைக்கு வந்த பிறகும் கெடுதலை எண்ணிட்டே இருக்கணும். பக்கவிளைவு படிவம் நான் இதுவரைக்கும் எடுத்தது ரெண்டு தடவை, அதுல ஒண்ணு பாதியில கிடக்குது.

அந்தப் புள்ளகிட்ட ஒண்ணுதான் கேட்டேன்: "அப்பாவுக்கு கடைசியா லித்தியம் லெவல் எப்பம்மா பாத்தீங்க?"

"தெரியலண்ணா, வீட்ல கேட்டுட்டு வர்றேன்"னு போயிருக்கு.