ஏழு வருஷக் கணக்கு

"ஏழு வருஷம் ஒண்ணா இருந்துட்டா சட்டப்படி புருஷன் பொண்டாட்டிதான்" என்று அடித்துச் சொல்பவர்கள் நிறையப் பேர். எந்தச் சட்டத்தில் இருக்கிறது என்று கேட்டால் பேச்சு மாறிவிடும்.

முறைப்படி கல்யாணம் பண்ணாமல் சேர்ந்து வாழ்வதையே கல்யாணமாகச் சட்டம் ஏற்கும் என்ற 'காமன் லா மேரேஜ்' பேச்சு இங்கிலாந்தில் சகஜம். ஆனால் அங்கே அப்படி ஒன்று இல்லை. முறைப்படி நடக்காத கல்யாணங்களுக்கு 1753-லேயே சட்டம் போட்டுக் கதவைச் சாத்திவிட்டார்கள். இருந்தும் 2019-ல் வெளியான கருத்துக்கணிப்பில் இங்கிலாந்து, வேல்ஸ் மக்களில் 46 சதவீதம் பேர் அது இருப்பதாகவே நம்பினார்கள்.

நம்பினால் என்ன போச்சு என்கிறீர்களா? வீடு யார் பேரில் இருக்கிறதோ அவருக்கு ஒன்றும் போகாது. 1984-ல் அங்கே ஒரு வழக்கு. கல்யாணம் பண்ணாமல் 19 வருஷம் சேர்ந்து வாழ்ந்த ஜோடி, இரண்டு பிள்ளைகள். வீடும் வீட்டுக்கடனும் அந்த ஆண் பேரில். அந்தப் பெண் பிள்ளைகளை வளர்த்தார். பிறகு சம்பாதிக்க ஆரம்பித்ததும் போன் பில் கட்டினார், வாஷிங் மெஷின் வாங்கினார், சுவருக்குப் பெயின்ட் அடித்தார். பிரிந்தபோது வீட்டில் அவருக்குப் பங்கே கிடையாது என்று தீர்ப்பு. வீடு வாங்கிய கணக்கில் அவர் பணம் இல்லையாம். இதைச் சரிசெய்வது நாடாளுமன்றத்தின் வேலை என்றார்கள் நீதிபதிகள். 2007-ல் சட்ட ஆணையம் பரிந்துரையே கொடுத்தது. சட்டம் மட்டும் வரவில்லை.

அமெரிக்காவில் டெக்சாஸ் போன்ற சில மாநிலங்களில் இந்தக் கல்யாணம் நிஜமாகவே உண்டு. அங்கேயும் வருஷக் கணக்கு கிடையாது. தம்பதி என்று இருவரும் ஒப்புக்கொண்டு, அங்கே சேர்ந்து வாழ்ந்து, ஊருக்கும் அப்படியே சொல்லியிருந்தால் கல்யாணம்தான். பிரிய விவாகரத்து வாங்கியே தீர வேண்டும். (வாங்காமல் அடுத்த கல்யாணம் செய்தால் வில்லங்கம்.)

எனக்குப் பிடித்தது கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா முறை. இரண்டு வருஷம் தம்பதி போல வாழ்ந்தாலே, சேர்ந்திருந்த காலத்தில் சேர்த்த சொத்தில் பங்கு உண்டு. வேண்டாம் என்பவர்கள் ஒப்பந்தம் எழுதிக்கொள்ளலாம். "கல்யாணமே வேண்டாம்னுதானே இப்படி இருக்கோம், அதையே ஏன் தலையில கட்டுறீங்க?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் வக்கீலைப் பார்த்து எழுதிக்கொள்ளும் வசதியும் விவரமும் பெரும்பாலும் சொத்து வைத்திருப்பவருக்குத்தான் இருக்கிறது. எழுதும் சிரமம் அவருடையதாகவே இருக்கட்டும்.

இந்தியாவில் 2005-ன் குடும்ப வன்முறைச் சட்டம், திருமணத்தை ஒத்த உறவில் இருக்கும் பெண்ணுக்கும் பாதுகாப்புத் தருகிறது. வார இறுதியில் மட்டும் சந்திப்பதெல்லாம் அதில் சேராது என்று 2010-ல் உச்ச நீதிமன்றம் வரம்பும் கட்டியது. அதுவரை சரி. உத்தராகண்டில் 2025 ஜனவரி முதல் அமலில் இருக்கும் பொது சிவில் சட்டமோ, கல்யாணம் பண்ணாமல் சேர்ந்து வாழ்வதை ஒரு மாதத்துக்குள் பதிவு செய்யாவிட்டால் மூன்று மாதம் வரை சிறை என்கிறது. பதிவு செய்தால் தகவல் உள்ளூர் போலீஸ் ஸ்டேஷனுக்கும் போகும். கைவிடப்பட்ட பெண்ணுக்கு ஜீவனாம்சமும் அதே சட்டத்தில்தான் இருக்கிறது. பிரியும்போது ஜீவனாம்சம் வாங்கித் தர, சேரும்போதே போலீஸுக்கு எதற்குத் தகவல்?