கொழுத்த சினை மாடு அதிகம் கறக்கும் என்பது சரியல்ல
மேலே ஒரு அண்ணன், "விலா எலும்பு தெரிந்தால் மாடு நோஞ்சான், கன்று போடும் முன் எவ்வளவு கொழுக்குதோ அவ்வளவு பால்" என்று எழுதியிருக்கிறார். இரண்டுமே தப்பு. நிறையப் பேர் லைக் போட்டிருப்பதால் சொல்கிறேன்.

ஜெர்சி கலப்பினம் நன்றாகக் கறக்கும்போது கடைசி இரண்டு மூன்று விலா தெரிவது சாதாரணம். வயிற்றைப் பார்த்தும் ஏமாறாதீர்கள். குடற்புழு இருந்தாலும், வெறும் வைக்கோலே தின்றாலும் வயிறு பானையாகத் தொங்கும், முதுகெலும்போ துருத்தி நிற்கும். பார்க்க வேண்டிய இடம் இடுப்பும் வால் அடியும்தான். அதை வைத்து மாட்டின் உடல்வாகுக்கு 1 (மிக மெலிவு) முதல் 5 (மிகக் கொழுப்பு) வரை மதிப்பெண் போடலாம். மாட்டுக்குப் பின்னால் நின்று வாலின் இருபக்கமும் விரலால் அழுத்துங்கள். ஆழமான குழி, தோலுக்கடியில் கொழுப்பே தட்டவில்லை என்றால் 1. குழியே தெரியாமல் கொழுப்பு மூடி, இடுப்பெலும்பும் கைக்கு அகப்படவில்லை என்றால் 5. கன்று போடும்போது 3 முதல் 3.5 வரை இருந்தால் போதும்.

4-ஐத் தாண்டினால்தான் வம்பு. ஈன்ற பிறகு சரியாகத் தீவனம் எடுக்காது. உடம்புக் கொழுப்பு கரைந்து கல்லீரலில் சேரும், கீட்டோசிஸ் (கொழுப்பு அதிகமாகக் கரைவதால் ரத்தத்தில் கீட்டோன் கூடும் நோய்) வரும், பால் இறங்கிவிடும். ஈனுவதற்கே சிரமப்படும் மாடுகளும் உண்டு.

மெலிந்த மாட்டைத் தேற்ற ஏற்ற காலம் கறவையின் பிற்பாதி, பால் குறைந்து வரும்போது. கறவையை நிறுத்தி வற்றவிட்ட, ஈனுவதற்கு முந்தைய கடைசி இரண்டு மாதத்தில் புண்ணாக்கை வாரிக் கொட்டுவது தப்பு. கொழுத்துவிட்டதே என்று அப்போது பட்டினி போடுவது அதைவிடத் தப்பு. ஈன்றபின் அரை மதிப்பெண் இறங்குவது இயல்பு. ஒன்றுக்கு மேல் இறங்கினால் அடுத்த சினை தள்ளிப்போகும், கால்நடை டாக்டரிடம் காட்டுங்கள்.