ஃபில்டரைத் தட்டினா வென்ட் சுத்தமாம்!

"வென்ட் ஃபுல்லா க்ளியர்"னு துணி காய வைக்கிற ட்ரையர் நெத்தியில ஸ்டிக்கர் ஒட்டிட்டுப் போயிருக்கார், வென்ட்டை, அதாவது ட்ரையரோட சூட்டுக் காத்து வெளிய போற குழாயை, சுத்தம் பண்ண வந்த மகானுபாவர். மறுநாளே நாலு துண்டும் ரெண்டு ஜீன்ஸும் காய ரெண்டு மணி நேரம். அப்படியும் இடுப்புப் பட்டையில ஈரம்.

அவர் என்னதான் கிழிச்சார்னு வரிசையாப் பாக்கலாம். துணியில இருந்து உதிர்ற பஞ்சை, அதான் லின்ட், பிடிக்கிற ஃபில்டரை உருவினார். அந்த சந்துக்குள்ள வேக்யூம் மூக்கை விட்டார். ஒரு கைப்பிடி தூசி வந்துச்சு. அதை ஏதோ புதையல் கிடைச்ச கணக்கா போன்ல படம் எடுத்தார். வெளியே போய் கூரையை அண்ணாந்து பாத்தார். ஏணி வேன் மேலயே கட்டிக் கிடக்கு, அவுக்கக்கூட இல்ல. கீழ நின்னுக்கிட்டே கூரை மேல இருக்கிற மூடிக்குள்ள அடைப்பு இருக்கா இல்லையான்னு கண்டுபிடிச்சிட்டார்! ஞானதிருஷ்டி. உள்ள வந்து ஸ்டிக்கர் ஒட்டி, கார்டைத் தேய்ச்சு, கிளம்பிட்டார். ட்ரையர் சுவத்தை விட்டு ஒரு இன்ச் நகரல.

ஐயா, வென்ட் ஆரம்பிக்கிறதே ட்ரையரோட முதுகுலதான்!

அப்புறம் இழுத்துப் பாத்தா ஒவ்வொண்ணா வருது. பின்னாடி இருந்த ஃபாயில் குழாய் சுவத்துக்கும் மெஷினுக்கும் நடுவுல நசுங்கி அப்பளம். நாலு இன்ச் விட்டத்துல போக வேண்டிய காத்துக்கு அரை இன்ச் இடுக்கு. மூட்டுல கட்டியிருந்த டக்ட் டேப், துணியில பசை தடவினது, சூட்டுல பசை போய்த் தொங்குது. ட்ரையருக்கு ஒட்ட வேண்டியது ஃபாயில் டேப்புங்க, டக்ட் டேப் இல்ல. சுவத்துக்குள்ள போற தகரக் குழாயில யாரோ நீள நீள ஸ்க்ரூவா முடுக்கியிருக்காங்க. ஒரு இன்ச்சுல எட்டுல ஒரு பங்குக்கு மேல முனை உள்ள நீட்டக்கூடாதுன்னு விதியே இருக்கு. நீட்டினா லின்ட் அதுல மாட்டும், மாட்டினதுல அடுத்தது மாட்டும்.

உச்சக்கட்டம் கூரையில. பறவை வரக்கூடாதுன்னு மூடிக்குள்ள கம்பி வலை! கூரைக்கு அடியில இருக்கிற அட்டிக்கோட வென்ட்டுக்கு வலை சரி. ட்ரையர் வென்ட்டுக்கு வலையே ஆகாது, உள்பக்கம் காத்து திரும்பாம தடுக்கிற தடுப்பு மட்டும்தான். வலை முழுக்க லின்ட் அப்பி, ஈரத்துல இறுகி, விரல் வெச்சா நுழையல. ஏணியை அவுத்திருந்தா ஒரு நிமிஷத்துல தெரிஞ்சிருக்கும்.

வீடு கட்டின புண்ணியவான் மட்டும் சும்மாவா? 28 அடிக் குழாய், மூணு 90 டிகிரி முட்டி. அமெரிக்காவோட பொதுவான கட்டட விதிப்படி மொத்தம் 35 அடிதான், அதுல ஒவ்வொரு 90 டிகிரி வளைவுக்கும் 5 அடி கழிக்கணும். 35-ல 15 போனா 20. எட்டு அடி அதிகம். மெஷின் கம்பெனி மேனுவல்ல கூடுதல் நீளத்துக்கு அனுமதி இருந்தா ஒழிய இது தப்பு. வீட்டுக்கு நடுவுல லாண்ட்ரி ரூம் வெச்சா ப்ளான் அழகா இருக்குமாம்.

காத்து வெளியேறலன்னா சூடு உள்ளயே நிக்கும். முதல்ல சூடு மீறினா கரண்டை வெட்டுற தெர்மல் ஃப்யூஸ் போகும். அதை மாத்திட்டு அடைப்பை விட்டா திரும்பவும் போகும். சில மேதாவிங்க ஃப்யூஸைத் தாண்டி ஒயரை நேரா இணைப்பாங்க. தீப்பெட்டியைக் கையில குடுக்கிற வேலை அது. அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகத்தோட 2008–2010 கணக்குல வீடுகள்ல வருஷத்துக்கு சுமார் 2,900 ட்ரையர் தீ, முதல் காரணம் சுத்தம் பண்ணாததுதான், 34 சதவீதம். கேஸ் ட்ரையர்னா கார்பன் மோனாக்சைடும் வீட்டுக்குள்ள திரும்பும்.

காசு குடுத்து ஆளைக் கூப்பிட்டா, இதெல்லாம் கண்ணு முன்னாடி நடக்குதான்னு நின்னு பாருங்க. ப்ளக்கைப் பிடுங்கணும், கேஸ்னா வால்வை மூடணும். மெஷினை இழுத்துக் குழாயைக் கழட்டணும். நாலு இன்ச் ப்ரஷ்ஷை ராடுல பூட்டி ட்ரில்லால சுத்தி உள்ள விடணும், வெளிய இழுக்கும்போதும் வலஞ்சுழியாவே சுத்தணும். ரிவர்ஸ்ல போட்டா ராடு மறை கழண்டு ப்ரஷ் சுவத்துக்குள்ளயே தங்கிடும். அப்புறம் சுவத்தை உடைக்கிற கூலி தனி. நீளக் குழாய்னா ரெண்டு முனையில இருந்தும் தேய்க்கணும். மெஷின் வயித்துல ப்ளோயர் பக்கம் வேக்யூம். நசுங்கின குழாய்க்குப் பதில் எட்டு அடிக்கு மிகாத ஒரே துண்டு அலுமினியக் குழாய், கிளாம்ப் போட்டு. வெள்ளை பிளாஸ்டிக் குழாய் இருந்தா யோசிக்காம குப்பைக்கு. கடைசியா சூடில்லாம பத்து நிமிஷம் ஓட்டிட்டு வெளிய தடுப்பு நல்லாத் திறக்குதா, காத்து வேகமா வருதான்னு பாக்கணும். பாக்கிறதுன்னா மேல ஏறிப் பாக்கிறது!

ஃபில்டர்லயும் ஒரு விஷயம். துணி மெத்துன்னு இருக்க ட்ரையருக்குள்ள ட்ரையர் ஷீட் போடுறவங்க ஃபில்டர் வலையில தண்ணி ஊத்திப் பாருங்க. தேங்கினா மெழுகு படிஞ்சிருக்கு, சோப்பு போட்டு ப்ரஷ்ஷால தேய்ங்க.

இத்தனை வம்பும் எதுக்கு? நாலு துண்டு காய. வெளிய 100 டிகிரி வெயில் கொளுத்துது. கொடி கட்டிப் போட்டா ஒரு மணி நேரத்துல மொறுமொறுன்னு காயும், கரண்ட் பில் பூஜ்யம். கட்ட முடியுமா? ஹெச்ஓஏ-ல, அதான் குடியிருப்போட வீட்டுக்காரங்க சங்கத்துல, இருந்து லெட்டர் வருது, கொல்லையில துணி தொங்கினா தெருவோட அழகு கெடுதாம். எதிர் வீட்டு வாசல்ல ஹாலோவீனுக்கு வெச்ச 12 அடி எலும்புக்கூடு பொங்கல் தாண்டியும் நிக்குதே, அது அழகு!